வில்லங்கம் பார்க்க ஓர் இலவசத் தளம்: விஸ்கான்சின் நீதிமன்றப் பதிவுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஊர்ப்புறக் கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) ஒன்றில் சிறிது நிலம் வாங்க எண்ணியபோது, முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்க்கும் நம் ஊர்ப் பழக்கம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அடமானம் போன்றவை பத்திரப் பதிவு அலுவலகத்தில் தெரிந்துவிடும். ஆனால் விற்பவர் பணம் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அது கவுண்ட்டியின் தீர்ப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அங்கு அவருக்குள்ள நிலத்தின் மீது அது பொதுவாகப் பத்து ஆண்டுகள் வில்லங்கமாக நிற்கும். ஆகவே நீதிமன்றப் பதிவுகளையும் பார்த்தே தீர வேண்டும்.

இதற்கு மாநில நீதித்துறையே 1999 முதல் நடத்திவரும் வழக்குத் தேடல் தளம் இருக்கிறது. உள்ளூர் மக்கள் அதைச் சுருக்கமாக ‘சீகேப்’ என்கிறார்கள். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. மில்வாக்கி போன்ற பெருநகர வழக்கும் சில ஆயிரம் பேரே வாழும் கவுண்ட்டியின் வழக்கும் ஒரே தேடலில் கிடைப்பதுதான் இதன் பெரிய பலம். கவுண்ட்டியைத் தேர்ந்தெடுக்காமல் மாநிலம் முழுவதும் தேடுவதே நல்லது. உதாரணமாக, மெனோமினி கவுண்ட்டிக்குத் தனி சர்க்யூட் கோர்ட் (கவுண்ட்டி அளவிலான முதல்நிலை நீதிமன்றம்) கிடையாது. பக்கத்து ஷவானோவுடன் சேர்ந்தே அது இயங்குகிறது.

வழக்கு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஆண்டு, அடுத்து வழக்கின் வகையைக் குறிக்கும் இரண்டெழுத்து, பிறகு வரிசை எண். ‘எஸ்சி’ என்றால் சிறு தொகை வழக்கு, ‘சிவி’ என்றால் சிவில், ‘எஃப்ஏ’ என்றால் குடும்ப வழக்கு. நான் தேடிய பெயருக்கு ஒரு ‘எஸ்சி’ வழக்கு வந்தது; தீர்ப்புத் தொகையும் அதன் கீழே இருந்தது. அது அவர்தானா, அதே பெயருள்ள வேறொருவரா என்பது திரையில் தெளிவாகவில்லை. சிவில் வழக்குகளில் பெரும்பாலும் பிறந்த தேதி இருப்பதில்லை என்பதால், பெயர் ஒத்துப்போனதை மட்டும் வைத்து யாரையும் கடன்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இத்தளத்தின் உண்மையான குறையும் இங்கேதான் இருக்கிறது. வழக்கு எந்தத் தேதியில் என்ன ஆனது என்ற சுருக்கத்தைக் காட்டுமே தவிர, மனுவையோ தீர்ப்பையோ திறந்து படிக்க விடாது. பல மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய ஊர்களுக்கு இது பெரும் சிரமம். எனினும் கவுண்ட்டி நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்துக்கு வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் நகல் பெறலாம், பக்கத்துக்கு 1.25 டாலர், சான்றொப்பத்துக்குத் தனியாக 5 டாலர். பெயரை மட்டும் சொல்லி அவர்களையே தேடச் சொன்னால் அதற்கும் கட்டணம் உண்டு என்பதால், எண்ணை நாமே எடுத்துக்கொண்டு போவது சிக்கனம்.

திவால் வழக்குகள் இத்தளத்தில் வாரா. அவை மத்திய நீதிமன்றங்களுக்கு உரியவை. அந்நீதிமன்றங்களின் பதிவுகளுக்கான ‘பேசர்’ தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும், மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் அதுவும் தள்ளுபடி.

நான் கேட்ட நகல் தபாலில் வந்தது. அதிலிருந்த முகவரி விற்பவருடையதுதான்; ஆனால் கடைசித் தாளில், தொகை முழுவதும் செலுத்தப்பட்டதற்கான பதிவு கையொப்பத்துடன் இருந்தது. அதன் பிறகே முன்பணம் கொடுத்தோம்.