பெட் தளத்தின் விசை, இயக்கம், காந்தப் பாடங்கள்: தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு எவ்வளவு உதவும்?

தரையில் உருட்டிவிட்ட பந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது. தள்ளுவதை விட்டதும் தள்ளுவண்டியும் நின்றுவிடுகிறது. இவற்றையே நாள்தோறும் பார்த்து வளரும் பத்து வயதுக் குழந்தை, விசை இருக்கும்வரைதான் இயக்கம் இருக்கும் என்ற முடிவுக்கு வருவதில் வியப்பேதும் இல்லை. அந்த முடிவு தவறு என்று பாடநூல் சொல்லும். ஆனால் அதைக் கண்ணால் காட்டுவதற்கு வகுப்பறையில் வழி குறைவு, ஏனென்றால் உராய்வே இல்லாத தரையை எந்தப் பள்ளியாலும் போட முடியாது. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்தும் பெட் (PhET) என்னும் இலவச இணையதளத்தின் சிமுலேஷன்களை, அதாவது திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் மாதிரிச் சோதனைகளை, இந்த ஒரு காரணத்துக்காகவே நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் விசைக்கும் இயக்கத்துக்கும் சொல்லும் அதே உறுதியுடன் காந்தப் பாடத்துக்கும் இதைப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை.

2001ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. முன்பு ஜாவா, ஃபிளாஷ் ஆகிய பழைய மென்பொருள்களில் இயங்கிய சிமுலேஷன்களில் பெரும்பாலானவை இப்போது சாதாரண உலாவியிலேயே திறக்கின்றன. பதிவு, கட்டணம், விளம்பரம் எதுவும் குறுக்கிடுவதில்லை. கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும் என்பது நம் பள்ளிகளுக்குப் பெரிய வசதி. தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழிலும் பல கிடைக்கின்றன. எல்லாமே தமிழில் வந்துவிடவில்லை என்பதால், வகுப்புக்கு முந்தைய நாளே ஆசிரியர் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்றது ‘விசைகளும் இயக்கமும்: அடிப்படைகள்’ என்ற சிமுலேஷன். அதில் நான்கு பகுதிகள் உள்ளன. முதல் பகுதி கயிறு இழுக்கும் போட்டி. நடுவில் மிட்டாய் ஏற்றிய வண்டி ஒன்று நிற்க, ஒரு பக்கம் நீல அணியும் மறுபக்கம் சிவப்பு அணியும் காத்திருக்கின்றன. சிறிய உருவம் 50 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு), நடுத்தர உருவம் 100 நியூட்டன், பெரிய உருவம் 150 நியூட்டன் விசையுடன் இழுக்கும். ஒரு பெரிய உருவத்துக்கு எதிராக ஒரு சிறியதையும் ஒரு நடுத்தரத்தையும் நிறுத்தினால் வண்டி அசைவதில்லை. இந்தக் கணக்கைக் குழந்தைகள் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள். வண்டிக்கு அருகில் நிற்பவர் கூடுதல் வலுவுடன் இழுப்பார் என்று முதலில் நம்புபவர்களும், உருவங்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்ததும் அந்த நம்பிக்கையைக் கைவிடுகிறார்கள்.

இதில் மிகச் சிறந்த பகுதி பலரின் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஓர் அணி வென்றதும் ஆட்டம் முடிந்ததாக எண்ணி, குழந்தைகள் அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தோற்கும் பக்கத்தில் ஆளைச் சேர்த்து இரு பக்க விசைகளையும் சமமாக்கச் சொல்லுங்கள். வேகத்தைக் காட்டும் பெட்டியையும் டிக் செய்து வைத்திருக்க வேண்டும். விசைகள் சமமாகிவிட்டன, இனி வண்டி நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அந்த நொடியில், வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது; வேகமானியின் முள் ஒரே இடத்தில் நிற்கிறது. நியூட்டனின் முதல் விதியை மனப்பாடம் செய்த பெரியவர்கள்கூட இந்த இடத்தில் ஒரு கணம் தயங்குவதுண்டு. சமமான விசைகள் வேகத்தை மாற்றுவதில்லை என்பதே செய்தி. ஓடுவதை நிறுத்தும் வேலை அவற்றுக்கு இல்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் என்ன நடக்கும் என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுத வைத்தால்தான் இந்தக் காட்சிக்கு முழுப் பயன் உண்டு. வெறுமனே விளையாடவிட்டால் இது மிட்டாய்ப் போட்டியாகவே முடிந்துவிடும்.

இரண்டாம் பகுதியில் உராய்வு கிடையாது. சறுக்குப் பலகையின் மேல் 50 கிலோ மரப்பெட்டியையோ 200 கிலோ குளிர்சாதனப் பெட்டியையோ வைத்து ஒரே விசையால் தள்ளிப் பார்க்கலாம். நிறை கூடக் கூட வேகம் மெதுவாகவே ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. மற்றப் பொருள்களின் நிறை தெரியும்போது பரிசுப் பொட்டலத்தின் நிறை மட்டும் கேள்விக்குறியாக நிற்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் விட்டுவிட்டால் ஒரு பாடவேளை முழுவதும் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

மூன்றாம் பகுதியான உராய்வில் விசை அம்புகளை மறக்காமல் காட்ட வேண்டும். பெட்டியை மெல்லத் தள்ளினால் அது அசையாது. ஆனால் எதிர்த்திசையில் உராய்வின் அம்பு, தள்ளும் அம்பின் அதே நீளத்துக்கு முளைத்து நிற்கும். தள்ளும் விசையைக் கூட்டினால் அதுவும் கூடும். ஓர் எல்லையைத் தாண்டியதும் பெட்டி நகரத் தொடங்கிவிடும். உராய்வு என்பது பொருளோடு ஒட்டியிருக்கும் மாறாத ஓர் அளவு என்ற பிழையான எண்ணத்தைக் களைவதற்கு இதைவிட எளிய காட்சியை நான் பார்த்ததில்லை. நான்காம் பகுதியான முடுக்கத்தில் நீர் நிறைந்த வாளியின் நீர்மட்டம் சாய்வது அழகான காட்சி என்றாலும், தொடக்க வகுப்புகளுக்கு அது அவசியமில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கயிறு இழுக்கும் காட்சியில் இழுப்பவர்களின் காலுக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு எங்கும் பேசப்படவில்லை. உண்மையான போட்டியில் தரையைக் காலால் யார் நன்றாக உதைத்து ஊன்றுகிறார்களோ அவர்களே வெல்கிறார்கள். வழவழப்பான தரையில் சாக்ஸ் அணிந்து நிற்கும் பலசாலியை, வெறுங்காலுடன் நிற்கும் சிறுவன் இழுத்துவிட முடியும். சிமுலேஷனை மட்டும் பார்க்கும் குழந்தைக்கு, உராய்வு என்றாலே இயக்கத்தைக் கெடுப்பது என்ற எண்ணம் பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. உராய்வு இல்லையென்றால் நம்மால் நடக்கவே முடியாது என்பதை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிடைமட்ட விசைகள் மட்டுமே அம்புகளாக வருவதால், புவியீர்ப்பு விசையும் தரை மேல்நோக்கித் தாங்கும் விசையும் குழந்தையின் கண்ணுக்கு வருவதே இல்லை. சிறிய கைபேசித் திரையில் உருவங்களை இழுத்துக் கயிற்றில் பொருத்துவதும் சிரமம். கணினியோ டேப்லெட்டோ இருந்தால் நல்லது.

காந்தத்துக்கு வருவோம். காந்தமும் திசைகாட்டியும் கொண்ட சிமுலேஷனில் ஒரு சட்டக் காந்தத்தைச் சுற்றிலும் சிறுசிறு முள்கள் காந்தப் புலத்தின், அதாவது காந்த விசை செயல்படும் பகுதியின், திசையைக் காட்டுகின்றன. காந்தத்தைத் திருப்பினால் அத்தனை முள்களும் திரும்புகின்றன. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் காந்தம் ஒன்றே ஒன்றுதான். ஒத்த முனைகள் விலக்குவதையும் வேறுபட்ட முனைகள் ஈர்ப்பதையும் இதில் செய்து பார்க்க வழியில்லை. எந்தப் பொருள் ஒட்டும், எது ஒட்டாது என்ற சோதனையும் கிடையாது. இரண்டு வடமுனைகளை நெருக்கும்போது விரல்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தள்ளிவிடும் உணர்வை எந்தத் திரையாலும் தர முடியாது. தொடாமலே செயல்படும் விசை என்ற கருத்து அந்த உணர்விலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, இந்தச் சிமுலேஷனை முதல் பாடமாக வைக்க வேண்டாம்.

முதலில் கறுப்பாக இருக்கும் சாதாரண ஃபெரைட் காந்தங்கள் இரண்டை வாங்கிக் கையில் கொடுங்கள். இன்று புழக்கத்திலுள்ள ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும். பத்து ரூபாய் நாணயம் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்களில் சில ஒட்டும், பல ஒட்டா. உலோகம் என்றாலே காந்தம் ஈர்க்கும் என்ற தப்பெண்ணம் அடுக்களையிலேயே உடைந்துவிடும். சிறியதாக, பளபளவென்று இருக்கும் நியோடிமியம் காந்தங்களைக் குழந்தைகளிடம் தரவே கூடாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கிவிட்டால் அவை குடலின் மடிப்புகளை நடுவில் நசுக்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

கையால் உணர்ந்த பிறகு சிமுலேஷனுக்கு வந்தால், அதில் பூமியைக் காட்டும் விருப்பத்தேர்வு மிகுந்த பயன் தரும். புவியின் வடதுருவத்துக்கு அருகில் இருப்பது ஒரு காந்தத் தென்முனை என்பதை அது படமாகவே காட்டிவிடுகிறது. திசைகாட்டியின் வடமுனை ஏன் வடக்கே இழுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது. காந்த முள் எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பகுதியை ஒட்டிச் செல்கிறது; 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். அந்தக் கோடு அருகில் இருப்பதால் தென் தமிழகத்தில் காந்த முள் ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும், வட நாடுகளில் போலக் கீழே சாயாது. திரையில் பார்த்ததை உண்மையான திசைகாட்டியோடு ஒப்பிட விரும்புபவர்கள், வாங்கியதும் அதை வடக்குத் திசை நன்றாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வலுவான காந்தத்துக்கு அருகில் கிடந்த மலிவான திசைகாட்டிகளில் முள்ளின் முனைகள் தலைகீழாக மாறி, சிவப்பு முனை தெற்கைக் காட்டுவதுண்டு.