வீட்டு ரிப்பேருக்கு மானியம் வாங்கித் தரேன்னு சொல்றவனுக்கு ஒத்தைப் பைசா கொடுக்காதீங்க

18,500 ரூபாய். என் அப்பாவுக்கு மில் பென்ஷன் மாதம் 1,000. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச இ.பி.எஃப். பென்ஷன் 1,000 என்று ஆனபோது ஏறியது, அதற்குப் பிறகு அவருக்கு ஏறவே இல்லை. ஆக, போனது ஒன்றரை வருஷப் பென்ஷன். நேற்று சாயங்காலம் அந்த ஆள் என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா அம்மா இருப்பது 90களில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும். போன மழையில் அடுப்படிக்கு மேலே தளம் பொரிந்து, ரேஷன் அரிசி டிரம்மின் மூடியை உடைத்துக்கொண்டு ஒரு துண்டு விழுந்தது. அந்த இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது, விரலால் தொட்டால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. அரிசியை அம்மா புடைத்துப் புடைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கோழிக்குப் போட்டாள். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினால், மேல்பூச்சு நிற்காது, கம்பியிலிருந்து வேலை பார்க்கணும், லட்ச ரூபாய்க்குக் குறையாது என்கிறார். இந்த நிலைமையில் இருக்கிறவரிடம்தான் வந்து சேர்ந்தான்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஆதார், பட்டா, சாதிச் சான்று என்று எல்லாம் எடுத்துத் தருகிற கடை. பெயர் போடப் போவதில்லை. அப்பா வருஷா வருஷம் அங்கேதான் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று எடுப்பார். மில்லில் தேய்ந்த கை, ரேகை லேசில் பதியாது. கடைக்காரன் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "அவசரமில்லைங்கய்யா, மெதுவா வைங்க" என்பானாம். பெற்ற பிள்ளைகள் நாங்கள்கூட அவரிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை என்று அப்பா சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அந்தப் பொறுமைக்கு வைத்த விலைதான் 18,500.

"ஐயா, உங்கள மாதிரி கம்மி பென்ஷன்காரங்களுக்கு வீடு ரிப்பேருக்கு சென்ட்ரல் கவர்மெண்ட் ரெண்டரை லட்சம் தருது. யாருக்கும் தெரியாது, நான் போட்டுத் தரேன்" என்று ஆரம்பித்திருக்கிறான். அடுத்த முறை போனபோது மானிட்டரைத் திருப்பிக் காட்டியிருக்கிறான்: சிங்க முத்திரை, அப்பா பெயர், பென்ஷன் நம்பர், அனுமதித்த தொகை 2,50,000. பிரிண்டும் எடுத்துக் கொடுத்தான். உயிர்வாழ் சான்றுக்காகக் கொடுத்த நம்பரை எடுத்து இவனே டைப் அடித்த காகிதம் அது. அப்பா அதை மடிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

பதிவுக் கட்டணம் என்று 3,500. பிறகு இன்ஜினியர் எஸ்டிமேட் என்று 9,000. இதற்கு நிஜமாகவே ஒருத்தன் டேப்போடு வந்து சுவரையெல்லாம் அளந்துவிட்டுப் போனான், அம்மா மோர் கொடுத்து அனுப்பினாள். அப்புறம், பணம் ரிலீஸ் ஆக ஜிஎஸ்டி என்று 6,000. இதற்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. கடைசிப் பணம் மட்டும்தான் போனில் அனுப்பியது, அதுவும் யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த கணக்குக்கு. மற்றதெல்லாம் ரொக்கம். ரசீது கேட்டதற்கு, சீல் இல்லாத ஒரு துண்டுச்சீட்டு.

அதற்கப்புறம் கேட்கவேண்டுமே! சர்வர் டவுன். ஃபைல் கலெக்டர் ஆபீஸில். கையெழுத்துப் போடுகிற அதிகாரி மாறுதலாகிவிட்டார். நான் போன் செய்தபோது "அக்கா, நீங்க அவசரப்பட்டா ஐயா ஃபைல்தான் ரிஜெக்ட் ஆகும்" என்று மிரட்டல் மாதிரி ஒரு பேச்சு. நேரில் போய் நின்றேன். "ரீஃபண்ட் போட்டாச்சு, பேங்க்ல கேளுங்க" என்று என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளின் ஆதாரை வாங்கி ஸ்கேன் செய்ய ஆரம்பித்தான். பேங்கில் ஒன்றும் வரவில்லை. "நீங்களா அனுப்பின பணம், நாங்க என்ன செய்ய முடியும்" என்றார்கள். ஸ்டேஷனில், ரொக்கத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டு உட்காரவைத்தார்கள்.

வயிற்றெரிச்சல் இதோடு முடியவில்லை. அந்தக் காகிதத்தை ஒன்றிய அலுவலகத்தில் காட்டினேன். பார்த்த உடனே ஊழியர் தலையில் கை வைத்தார். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் காரை வீடே இல்லாதவர்கள் புதிதாகக் கட்டுவதற்கு. இருக்கிற கான்கிரீட் வீட்டை ரிப்பேர் செய்ய அதில் பணம் கிடையாது. கிராமத்துக்கு அதில் மத்தியத் திட்டத் தொகை 1,20,000தான், அந்த ரெண்டரை லட்சம் நகர்ப்புறக் கணக்கு. கலைஞர் கனவு இல்லம் 3,50,000 தருகிறது, அதுவும் குடிசைக்காரர்களுக்கு. அப்பாவுடையது போன்ற வீட்டுக்கு இருப்பது வேறு: 2000-01 வரை அரசு கட்டிக்கொடுத்து இப்போது பழுதான வீடுகளைச் சரிசெய்ய மாநில அரசு 2024-இல் ஒரு திட்டம் அறிவித்தது. 2.5 லட்சம் வீடு, 2,000 கோடி. ஊராட்சி மூலமாக வீட்டைப் பார்த்துப் பட்டியல் எடுக்கிற வேலை அது. கம்ப்யூட்டர் சென்டருக்கு அதில் என்ன வேலை? அப்பாவின் வீட்டுக்கு உரிய கதவு ஒன்று இருந்தது, அதைத் தட்டவிடாமல் இவன் பொய்க் கதவைக் காட்டி 18,500 பிடுங்கியிருக்கிறான்.

யாரிடம் போவது, என்னென்ன காகிதம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மானியம் வருவதற்கு முன்னால் ஜிஎஸ்டி கட்டு, எஸ்டிமேட்டுக்குக் கட்டு என்று எந்த அரசு அலுவலகமும் கேட்காது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கிராமம் என்றால் ஊராட்சிச் செயலரையோ ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ.வையோ பாருங்கள், கிராமசபையில் எழுந்து நின்று வீட்டைச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கூடுகிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம், முதல்வரின் உதவி எண் 1100. போனில் பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு நகர்ந்துவிட்டால் பிடிப்பது கஷ்டம். வயதானவர்களுக்கு 14567 என்று தனியாக ஒரு எண் இருக்கிறது. பென்ஷன் நம்பரை எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள்.

கிழிந்த துண்டுச்சீட்டு, டேப்போடு வந்தவன், வேறொருத்தி பெயரில் கணக்கு. இதே மாதிரி உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் யாராவது வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். வர்ற திங்கட்கிழமை எஸ்.பி. ஆபீஸ் போகிறேன், தனி ஆளாகப் போவதைவிட நாலு மனுவாகப் போனால் எடுப்பார்கள்.