எல்சாட் லாஜிக்கல் ரீசனிங்: கைடு வாங்கும் முன் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும்?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு எல்சாட்; வாதங்களை ஆராயச் சொல்வது அதன் லாஜிக்கல் ரீசனிங் பகுதி. அதற்கான கைடு ஒன்றைக் கையில் எடுத்ததும் முன்னுரையைப் படிக்க வேண்டாம். நேராக விடை விளக்கம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். ஏதாவது ஒரு கேள்வியை எடுத்து, தவறான நான்கு ஆப்ஷன்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "வாதத்துக்குச் சம்பந்தமில்லை" என்று நான்கையும் ஒரே வரியில் தள்ளியிருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம். சரியான விடை ஏன் சரி என்பதை விளக்குவது சுலபம். மாணவர் மதிப்பெண்ணை இழப்பதோ, தவறான ஆப்ஷன் ஒன்று சரியானதுபோலவே கண்ணில் படும் இடத்தில். அந்த இடத்தில் கைகொடுக்காத கைடு எத்தனை நூறு பக்கம் இருந்தும் பயனில்லை.

ஒரு சின்ன வாதத்தை எடுத்துப் பார்ப்போம். "முன்பு 8 மணிக்கு மூடிய நூலகம் இப்போது இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. அடுத்த ஆறு மாதத்தில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கூடியது. ஆகவே நேரத்தை நீட்டித்ததுதான் காரணம்." இந்த வாதத்துக்கு அவசியமான எடுகோள், அதாவது சொல்லாமலே நம்பியிருக்கும் கருத்து, எது என்பது கேள்வி. அ: "அதே சமயத்தில் ஒருவர் எடுத்துச் செல்லும் புத்தக வரம்பை உயர்த்தியது மட்டுமே இந்த உயர்வுக்குக் காரணம் அல்ல." ஆ: "கூடுதலாகப் போன புத்தகங்கள் எல்லாமே இரவு 8 மணிக்குப் பிறகு எடுக்கப்பட்டவை."

பலர் ஆ-வில் விழுவார்கள். அது வாதத்துக்கு நன்றாகவே துணை நிற்கிறது. ஆனால் கேட்டது துணை நிற்பதை அல்ல, எது இல்லாவிட்டால் வாதம் சரிந்துவிடும் என்பதை. இரண்டையும் எதிர்மறையாக்கிப் பாருங்கள். அ-வை மறுத்தால் "வரம்பை உயர்த்தியது மட்டுமே காரணம்" என்றாகி, முடிவு அங்கேயே உடைந்துவிடுகிறது. ஆ-வை மறுத்தால் "கூடுதல் புத்தகங்களில் சில 8 மணிக்கு முன்பே போயின" என்றுதான் ஆகும். மற்றவை இரவில் போயிருக்கலாம், முடிவுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல கைடு இத்தனையையும் எழுதும். மோசமான கைடு "ஆ: 'எல்லாமே' என்பது மிகையான சொல், தவறு" என்று முடித்துவிடும். அதைப் படித்த மாணவர் "வலுவான சொல் வந்தால் தவறு" என்று மனதில் பதித்துக்கொள்வார். அடுத்த வாரம் போதுமான எடுகோள் கேள்வி, அதாவது எதைச் சேர்த்தால் முடிவு உறுதியாகும் என்ற கேள்வி, வரும். அங்கே முடிவை முழுதாக நிறுவும் வலுவான சொல்தான் பெரும்பாலும் வேண்டியிருக்கும். பதித்துக்கொண்ட விதியை வைத்தே சரியான விடையை அடித்துவிடுவார். அரைகுறை விளக்கம் செய்யும் கெடுதல் இதுதான்: கற்றுக்கொடுக்காமல் விட்டால்கூடப் பரவாயில்லை, தவறாகக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து வெளியான ஆண்டைப் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டில் நிபந்தனைப் புதிர்கள் கொண்ட லாஜிக் கேம்ஸ் பகுதி கிடையாது. இப்போது தலா 35 நிமிடத்தில் நான்கு பகுதிகள்: மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும் லாஜிக்கல் ரீசனிங் இரண்டு, வாசிப்புப் பகுதி ஒன்று, கணக்கில் சேராத பரிசோதனைப் பகுதி ஒன்று. எது பரிசோதனைப் பகுதி என்று எழுதும்போது தெரியாது. ஆக, லாஜிக்கல் ரீசனிங் மட்டுமே மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எல்லாப் பகுதிகளையும் ஒன்றாகக் கட்டிய பழைய பெரிய கைடை வாங்கினால், கேம்ஸ் பக்கங்கள் அத்தனையும் வீண் சுமை.

அதே சமயம், லாஜிக்கல் ரீசனிங்குக்கென்றே தனியாக வந்த பழைய புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. கேம்ஸ் போனதே தவிர, இந்தப் பகுதியின் கேள்வி வகைகள் மாறவில்லை. பழைய புத்தகத்தில் தேர்வு அமைப்பை விவரிக்கும் முதல் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தயங்காமல் படிக்கலாம்.

கேள்விகள் அசலா என்பதும் முக்கியம். எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி, பழைய தேர்வுக் கேள்விகளை அச்சிடப் பதிப்பகங்களுக்கு உரிமம் தருகிறது. உரிமைப் பக்கத்தில் அந்த அனுமதி வரி இருக்கிறதா, கேள்வி எந்தத் தேர்விலிருந்து எடுத்தது என்று எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாக எழுதிய போலிக் கேள்விகளில் தவறான ஆப்ஷன்கள் ஒன்று பார்த்த மாத்திரத்தில் தள்ளும்படி அசட்டையாக இருக்கும், அல்லது இரண்டு விடைகளுக்கு வாதாட முடியும். இரண்டுமே பயிற்சியைக் கெடுக்கும். அசல் கேள்விகள் உள்ள கைடிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் பார்த்துவிட்ட கேள்வி பின்னால் நீங்கள் எழுதும் மாதிரித் தேர்வில் வந்தால், அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. கைடு எந்தெந்தத் தேர்வுகளைப் பயன்படுத்தியிருக்கிறது என்று முதலிலேயே குறித்துக்கொண்டு, அவற்றை முழுத் தேர்வாக எழுதாமல் தனித்தனிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய அமைப்புக்கு மாறியபோது தேர்வுகளின் எண்களும் மூன்று இலக்கமாக மாறிவிட்டன. பழைய கைடில் இருப்பது பழைய எண் என்பதை மறக்க வேண்டாம்.

பெயர் சொல்லிப் பார்த்தால், பரவலாகப் புழங்கும் இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமான மாணவர்களுக்கானவை. பவர்ஸ்கோரின் 'லாஜிக்கல் ரீசனிங் பைபிள்' கேள்வி வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிபந்தனை வாதத்துக்கும் காரண காரிய வாதத்துக்கும் தனித்தனி அத்தியாயம் வைத்து, அடியிலிருந்து கட்டிக்கொண்டு போகிறது. தர்க்கம் என்பதையே முதன்முறையாகப் படிப்பவருக்கு இது பொருந்தும். குறை, பெயர்ச்சீட்டுகள் மிக அதிகம். வகைப் பெயர்களை மனப்பாடம் செய்வதே படிப்பு என்று நினைத்து வாரக்கணக்கில் அதில் தங்கிவிட இடமிருக்கிறது. எலன் காசிடியின் 'தி லூப்ஹோல்' வேறு வழியில் போகிறது. கேள்வியைத் தொடும் முன் பத்தியை உங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வைக்கிறது. கேள்வி புரிகிறது, பத்திதான் இரண்டு முறை படித்தும் நிற்கவில்லை என்பவருக்கு, குறிப்பாக ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவருக்கு, இதையே முதலில் சொல்வேன். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு பெயர் வைத்திருப்பதால் குழப்பமே மிஞ்சும்.

எந்தக் கைடாக இருந்தாலும் 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' பற்றிய அத்தியாயத்தை வாங்கும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. "சீட்டு இருந்தால் உள்ளே போகலாம்" என்பதற்கும் "சீட்டு இருந்தால்தான் உள்ளே போகலாம்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் 'தான்' தான் 'ஒன்லி இஃப்'. முதல் வாக்கியத்தில் சீட்டு போதுமானது; இரண்டாவதில் அவசியமானது, ஆனால் சீட்டு இருந்தும் வேறு காரணத்தால் வாசலில் நிறுத்தப்படலாம். 'அன்லெஸ்' வந்தால் "இல்லாவிட்டால்" என்று மாற்றிப் படித்துப் பழகுங்கள். அம்புக்குறிப் படங்களை மட்டும் போட்டுவிட்டு, வாக்கியத்திலிருந்து அம்புக்குறிக்கு எப்படி வந்தோம் என்று காட்டாத கைடு இந்த இடத்தில் தோற்றுவிடும்.

கைடை முடிப்பதோடு வேலை முடியாது. எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில் இலவசக் கணக்கிலேயே சில முழுத் தேர்வுகள் கிடைக்கும், சந்தா கட்டினால் மற்றவையும் திறக்கும். உண்மையான தேர்வு எந்தத் திரை அமைப்பில் வருமோ அதே அமைப்பு அங்கே இருப்பதால், காகிதத்தில் அடிக்கோடிட்டே பழகியவர்கள் கடைசி மாதத்தையாவது திரையில் கழிக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் டைமரே வேண்டாம். ஒரு வகைக்கு 15 முதல் 20 கேள்வி வரை நிதானமாகப் போடுங்கள். எடுகோள், வாதத்தின் ஓட்டை, வலுப்படுத்துதல், பலவீனப்படுத்துதல் ஆகியவற்றை முதலில் முடிக்கலாம். ஒரே அமைப்புள்ள வாதத்தைத் தேடச் சொல்லும் இணை வாதக் கேள்விகள் நீளமானவை, ஆனால் மற்றவற்றைப் போலவே அவற்றுக்கும் ஒரு மதிப்பெண்தான், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு வகைகளைக் கலந்து 35 நிமிடத்துக்கு முழுப் பகுதி. ஒரு பகுதியில் சுமார் 25 கேள்விகள் என்பதால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. சந்தேகப்பட்ட கேள்விகளைக் குறித்துவைத்து, விடையைப் பார்க்கும் முன் டைமர் இல்லாமல் அவற்றை மறுபடி போடுங்கள். இரண்டாம் முறை சரியாக வந்தால் பிரச்சினை வேகத்தில். அப்போதும் தவறினால் பிரச்சினை புரிதலில்; கைடின் அந்த அத்தியாயத்துக்கே திரும்ப வேண்டும். தவறான விடைக்குள் எந்தச் சொல் இழுத்தது, எந்தச் சொல் அதைத் தவறாக்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எல்சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விட வேண்டாம்.

இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதுபவர்களும் இந்தக் கைடுகளைத் தேடுகிறார்கள். எடுகோள், ஓட்டை, பலவீனப்படுத்துதல் அத்தியாயங்கள் அவர்களுக்கும் உதவும். ஆனால் அங்கே சுமார் 450 சொல் பத்தி ஒன்றின் கீழ் பல கேள்விகள் வரும், தவறுக்கு 0.25 மதிப்பெண் குறையும். 'காலியாக விடாதே' என்ற எல்சாட் அறிவுரையை அங்கே அப்படியே பின்பற்றக் கூடாது. 2020-க்கு முந்தைய கிளாட் கைடுகளில் ரத்த உறவு, கோடிங், இருக்கை வரிசைப் புதிர்கள் நிறைந்திருக்கும். 2020 முதல் தாள் பெரும்பாலும் பத்திகளையே மையமாகக் கொண்டது என்பதால் அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

பழைய புத்தகம் வாங்குவதானால் உள்ளே பென்சிலில் விடை வட்டமிட்டிருக்கிறார்களா என்று எல்லா அத்தியாயங்களையும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். அழித்திருந்தாலும் தடம் தெரியும், கண் முதலில் அங்கேதான் போகும்.