அபாட் சான்டோஸா, டீஹாங்கீயா?

பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் சீஃப் ஜஸ்டிஸ்கள்ல யாரு பெரிய ஆளுன்னு கேட்டா என் மனசுல ரெண்டே பேர்தான், ஹோசே அபாட் சான்டோஸ், கிளாடியோ டீஹாங்கீ.

சான்டோஸ் 1941 டிசம்பர்ல பதவிக்கு வந்தாரு, ஜப்பான்காரன் அப்பவே நாட்டுக்குள்ள இறங்கிட்டான். பிரசிடென்ட் கெசோன் கூடவே வெளிநாட்டுக்குத் தப்பிச்சுப் போயிருக்கலாம், போகல. 1942 ஏப்ரல்ல செபூ தீவுல மகன் பெப்பிட்டோவோட பிடிபட்டாரு, எங்க கூட சேர்ந்து வேலை செய்னு ஜப்பான்காரன் கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாரு. மே மாசம் மலபாங்ல சுட்டுக் கொல்றதுக்கு முன்னாடி மகனைப் பார்க்க விட்டாங்க, பையன் அழ, அழாதடா, நாட்டுக்காக சாகுற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காதுன்னு சொல்லிட்டுப் போனாரு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆயிரம் பெசோ நோட்டுல அவர் முகம் வந்தது சும்மா இல்ல.

டீஹாங்கீ கதை வேற. சீனாவுல இருந்து வந்தவரோட மகன், 1940 பார் எக்ஸாம்ல, அதாவது வக்கீல் ஆகுறதுக்கான தேர்வுல, முதலிடம். பின்னாடி சர்வாதிகாரியா மாறுன பிரசிடென்ட் மார்கோஸ் கிட்டயே நீதித்துறை அமைச்சரா இருந்தவரு, 1968-ல கோர்ட்டுக்கு அனுப்புனதும் அவரேதான். ஆனா மார்கோஸ் மார்ஷியல் லா, அதாவது ராணுவச் சட்டம், கொண்டுவந்தப்புறம் இவரு திரும்பத் திரும்ப எதிர்த் தீர்ப்பு எழுதுனாரு, சீனியரா இருந்தும் 1985-ல ரெண்டு தடவை தலைமைப் பதவி கையை விட்டுப் போச்சு. 1986 பிப்ரவரி 25, கிளப் பிலிப்பினோல கோரசோன் அகினோவுக்குப் புது பிரசிடென்டா பதவிப் பிரமாணம் செஞ்சு வச்சது இவர்தான், ஏப்ரல்ல சீஃப் ஜஸ்டிஸ் ஆனாரு.

தியாகத்துல சான்டோஸ்தான், ஆனா நீதிபதியா பார்த்தா என் ஓட்டு டீஹாங்கீக்கு, ஏன்னா அவரு தினமும் அதே கோர்ட்ல உக்காந்து வருஷக்கணக்கா எதிர்த்து எழுதுனாரு.