ஏர்வாடி தர்காவின் தவா–துவா மனநல மருத்துவப் பிரிவு: எங்கள் குடும்பத்தின் அனுபவம்

ஏர்வாடி தர்காவில் அரசு நடத்தும் தவா–துவா (மருந்து–பிரார்த்தனை) மனநல மருத்துவப் பிரிவுக்கு இரண்டு ஆண்டுகளாகத் தம்பியை அழைத்துச் சென்று வருகிறோம். நேர்ச்சையை விட்டுவிடச் சொல்லாமல், பிரார்த்தனையோடு மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வதுதான் இதன் தனித்தன்மை. மருந்து இலவசம்.

இதன் அருமையை எங்களுக்கு உணர்த்தியது அத்தையின் வாழ்க்கை. பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தபின் அவர் பேச்சு தடுமாறவே, வெளியூரில் ஒரு மனநலக் காப்பகத்தில் ஆறு மாதம் என்று சொல்லிச் சேர்த்தார்கள்; அது இருபத்திரண்டு ஆண்டுகளாக நீண்டது. ஆண்டுக்கொருமுறை அப்பத்தா அவித்த பனங்கிழங்கை ஓலைக் கொட்டானில் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிப் போவார். அத்தை கிழங்கைத் தொடமாட்டார். கொட்டானை மடியில் வைத்து, விட்டுப்போன ஓலைகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகிச் சரிசெய்துகொண்டிருப்பார். கல்யாணத்துக்கு முன் பெட்டி முடைந்த கை அது. குணமாகிவிட்டது, அழைத்துப் போகலாம் என்று இருமுறை கடிதம் வந்தும், சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கிறோம் என்று ஒருமுறையும், காரணமே சொல்லாமல் மறுமுறையும் எங்கள் வீட்டில்தான் தள்ளிப்போட்டார்கள். அத்தை அங்கேயே இறந்தார். குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அத்தையின் காலத்தில் அந்தச் சட்டம் இல்லை.

தம்பிக்கு உறக்கம் கெட்டு, காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோதும், எங்காவது சேர்த்துவிடுங்கள் என்றே உறவினர்கள் சொன்னார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியோடு கருகி மாண்ட 28 பேரின் நினைவில் அப்பா உள்ளே வரவே தயங்கினார். மருத்துவரோ அவசரமில்லாமல் பேசினார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று அவர் கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார், பிறகு, எங்கள் வீட்டில் பல காலமாக யாரும் உச்சரிக்காத அத்தையின் பெயரைச் சொன்னார். எந்த வயதில் தொடங்கியது, எந்த மருந்து கேட்டது என்று மருத்துவர் விசாரித்துக் குறித்துக்கொண்டார். எந்த மருந்து என்பதை எங்களால் சொல்ல முடியவில்லை.

போகிறவர்கள் பழைய மருந்துச் சீட்டுகளோடு, நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கொஞ்சம் தெளிந்ததும் நாங்களாகவே மாத்திரையை நிறுத்தி, மூன்றே வாரத்தில் மறுபடியும் அவதிப்பட்டோம். அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். தம்பி இப்போது வீட்டிலிருந்தபடியே வலை பின்னுகிறான். அடுத்து வரச் சொன்ன தேதியை அவனே நாட்காட்டியில் குறித்து வைக்கிறான்.