முகம் கூடிப்போனவர்கள்: ஸ்பானிஷ் வசைச்சொற்களோடு 7 வருடம்

மத்ரித் நகரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் 7 வருடமாக இருக்கிறேன். காலையில் ஸ்பானிஷில் திட்டு வாங்குவேன், மதியம் அதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவேன். வந்த புதிதில் கையில் இருந்தது ஒரு சின்ன இருமொழி அகராதி. தெஸ்கராதோ, கராதூரா, ஃபிரெஸ்கோ, சின்பெர்குவென்சா என்ற நாலு சொல்லுக்கும் எதிரே அதில் ஒரே ஆங்கிலச் சொல்தான் போட்டிருந்தது: சீக்கி. துடுக்குக்காரன் என்று பொருள் கொள்ளலாம். சரி, நாலும் ஒன்றுதான் போல என்று நம்பி, வாய்க்கு வந்ததை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன்.

முதலில் காலை வாரியது சின்பெர்குவென்சா. என் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய பேரனுக்கு அப்போது மூன்று வயது. பையன் குளித்துவிட்டுத் துண்டை உதறிப்போட்டு மாடிப்படியில் ஓடிவருவான். பாட்டி பின்னாலேயே "சின்பெர்குவென்சா!" என்று சிரித்துக்கொண்டே துரத்துவார். செல்லச் சொல் என்று எனக்கு மனதில் பதிந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து காபிக்குக் காசு போடுவோம். ஒருவர் மட்டும் இரண்டு மாதமாகப் போடவில்லை. நான் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னேன். அறையே கப்சிப் ஆனது. அவர் மறுநாள் காசைக் கொண்டுவந்து என் மேஜையில் எண்ணி வைத்தார், அப்புறம் மூன்று வாரம் பேசவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். சின் என்றால் இல்லாமல், பெர்குவென்சா என்றால் வெட்கம். நம் வெட்கங்கெட்டவன்தான், ஒரு எழுத்து பிசகாமல். ஊரிலும் பாட்டி அம்மணமாக ஓடும் பேரனை "வெட்கங்கெட்ட பய" என்பாள். அதையே காசு விஷயத்தில் பெரிய மனுஷனைப் பார்த்துச் சொன்னால் என்ன ஆகும்? ஊழல் செய்து மாட்டிய அரசியல்வாதிகளைப் பார்த்து இங்கே தெருவில் கூட்டம் கத்துவதும் இதே சொல்தான். தமிழும் ஸ்பானிஷும் நேராகப் பேசிக்கொண்டிருக்கும்போது, நான் நடுவில் ஆங்கிலத்தைத் தரகராக வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்திலும் இதே போல் கட்டிய சொல் உண்டு, இம்பியூடென்ட். லத்தீனில் வெட்கமில்லாதவன் என்பதுதான் அது. ஆனால் தெருவில் யார் அப்படித் திட்டுகிறார்கள்? அது ஏட்டில் இருக்கிற சொல்.

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது முகம் சம்பந்தப்பட்ட கூட்டம். ஸ்பானிஷில் முகத்துக்குக் காரா என்று பெயர். கராதூரா என்றால் கல் போல இறுகிய முகம் உள்ளவன். வரிசையில் புகுகிறவன், ஓசியில் சாப்பிட்டுவிட்டு நழுவுகிறவன், மற்றவர் செய்த வேலைக்குத் தான் பாராட்டு வாங்குகிறவன் எல்லோரும் இதில் அடக்கம். "அவனுக்கு முகம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாலே அது திட்டு. ஒரு படி மேலே போய், "அவனுக்கு முதுகைவிட முகம் பெரிது" என்பார்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே போனவன் "முகத்தால் நுழைந்தான்". நம்மிடம் கணக்கு தலைகீழ். "எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தாய்?" என்று கேட்போம். தப்பு செய்தவனுக்கு முகம் இல்லாமல் போய்விட வேண்டும், அப்படியும் ஒன்றை எங்கிருந்தோ மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்பதுதான் நம் கோபம். இவர்கள் கோபமோ, இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறதே என்பது.

இதில் வேடிக்கை, தெஸ்கராதோ என்ற சொல்லின் கட்டுமானம் முகமற்றவன். ஒரே மொழியில் முகம் இல்லாதவனும் முகம் அதிகமானவனும் ஒரே ஆள்! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். இத்தனை வயசுக்கு இதைக் கவனித்ததே இல்லையே என்று சிரித்தார். ஆங்கிலமும் இந்த விஷயத்தில் உடம்பைத்தான் தொடுகிறது. சீக் என்றால் கன்னம். எதிர்த்துப் பேசினால் லிப், அதாவது உதடு. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிராஸ் நெக் என்று பித்தளைக் கழுத்து ஒன்று உண்டு. என் அனுபவத்தில் கராதூராவுக்கு எடையில் சரியாக நிற்பது அந்தப் பித்தளைக் கழுத்துதான். சீக்கி நிற்காது. பிரிட்டனில் சீக்கி என்பதில் பாதி பாராட்டு இருக்கிறது. அமெரிக்கக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் அதைப் போட்டால் அவர்களுக்குப் பழைய ஆங்கிலப் படம் பார்ப்பது போல இருக்கிறதாம். குழந்தையோ பெண்ணோ என்றால் சாஸி என்று மாற்றச் சொல்கிறார்கள். ஓசிக் காபி ஆளை எப்படி சாஸி என்பது?

முகத்துக்குக் கீழே இறங்கினால் மோர்ரோ, ஹெத்தா. இரண்டும் விலங்கின் மூக்கும் வாயும் சேர்ந்து நீண்ட பகுதி, பன்றிக்கு இருக்கிறதே அது. மனிதனுக்குச் சொன்னால் துணிச்சலான வெட்கமின்மை. நம் வாய்க்கொழுப்பு பக்கத்து வீடு, ஆனால் அதே வீடு இல்லை. வாய்க்கொழுப்புக்காரன் பேசுவான், மோர்ரோக்காரன் பேசாமலேயே காரியம் முடித்துக்கொள்வான். முதல் வருடம் ஒரு அம்மாள், உடைந்து வந்த பொருளுக்குப் பழுதுக் கட்டணம் கேட்டோம் என்று, "உங்களுக்கெல்லாம் காலால் மிதிக்கிற அளவுக்கு மோர்ரோ" என்று எழுதியிருந்தார். மூக்கு அவ்வளவு நீளமாம், நடந்தால் காலில் மிதிபடுமாம். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். வாடிக்கையாளர் ஏதாவது விலங்கு வளர்க்கிறாரா என்று மேலிடம் கேட்டது.

ஃபிரெஸ்கோவை நான் இப்போது மீனுக்கும் காற்றுக்கும் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். ஆளுக்குச் சொன்னால் அடுத்தவர் இடத்தைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறவன். ஸ்பானிஷில் "இரு" என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு, கூட வரும் வினையை ஒன்றுக்குப் பதில் மற்றதாக மாற்றிப் போட்டால் "அப்படி நினைத்தால் ஏமாந்துபோவாய்" என்று வேறு பொருள் வந்துவிடுகிறது. பராமரிப்புச் செலவு அதிகம்.

போர்தே தினசரிப் பாவனைக்கு நல்ல சொல். கேட்ட கேள்விக்குச் சுள்ளென்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற வங்கிக் கவுண்டர் ஆள் இருக்கிறாரே, அவர்தான் போர்தே. கெட்டவர் இல்லை, சிடுமூஞ்சி. நண்பர்களுக்குள் "போர்தே ஆகாதே" என்று சாதாரணமாகச் சொல்லலாம், சண்டை வராது. ஒட்டுக்கட்டாமல் தானே முளைத்த காட்டு மரத்துக்கும் இதே பெயர் உண்டு என்று அறிந்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் மரியாதையில்லாதவன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொல்லும் ரூட் என்பதும் லத்தீனில் பக்குவப்படாதது, செதுக்காதது என்ற சொல்லில் இருந்து வந்தது. இரண்டு மொழியும் தனித்தனியே காட்டுக்குப் போய் இந்த ஆளைப் பிடித்தது போல எனக்குத் தோன்றும். ஒரு எச்சரிக்கை: அதே லத்தீன் சொல்லின் ஸ்பானிஷ் வாரிசான ரூதோ, பெரும்பாலும் மரியாதைக் குறைவைச் சொல்லாது. முரட்டுத்தனம், கரடுமுரடு என்பதுதான் முக்கியப் பொருள். உருவம் ஒன்று, குணம் வேறு.

இதைவிட மோசமான இரட்டை மாலெதுகாதோ. ஸ்பானிஷ் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசச் சொன்னார்கள். என் தாத்தா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். எஜுகேட்டட் என்ற ஆங்கிலச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, அவர் மாலெதுகாதோ, ஆனால் ரொம்ப நல்லவர் என்றேன். ஆசிரியை புருவத்தை உயர்த்தினார். எதுகாதோ என்றால் மரியாதை தெரிந்தவர் என்று பொருள், பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் சொன்னது, என் தாத்தா மட்டு மரியாதை தெரியாதவர் என்று. தெருவில் போகிற சின்னப் பிள்ளையைக்கூட "வாங்க" என்று கூப்பிட்ட மனிதர் அவர். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. நம் ஊரிலும் ஒழுங்கீனமாக நடப்பவனை "படிச்சவன்தானே நீ?" என்று கேட்பதால் எனக்கு அந்தக் குழப்பம் எளிதாக வந்திருக்கலாம். லத்தீன் அமெரிக்கர்கள் அதிகம் சொல்கிற மல்கிரியாதோ பரவாயில்லை, அது நேரடியாக வளர்ப்பு சரியில்லாதவன். ஆனால் அதைச் சொல்லும்போது பக்கத்தில் அவன் அம்மா நிற்கக்கூடாது.

சூலோவைப் பற்றிச் சுருக்கமாக. மத்ரித்தில் ஆளுக்குச் சொன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியும் திமிர்பிடித்தவன், பொருளுக்குச் சொன்னால் அழகானது, சில இடங்களில் விலைமாதர் தரகன். மெக்சிகோவில் பெண்ணைச் சொன்னால் அழகி. மே 15 சான் இசித்ரோ திருவிழாவில் இந்த ஊர்க்காரர்கள் இந்தத் திமிரையே உடையாக உடுத்திக்கொண்டு நடனமாடுகிறார்கள். வெளியூர்க்காரனான நான் தொடுவதில்லை.

அலுவலகத்தில் கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா, மெக்சிகோ ஆட்கள் உண்டு. கொலம்பியப் பெண் கராதூராவுக்குப் பதில் கொன்சூதோ என்பாள், கெட்டியான ஓடு உள்ளவன் என்ற கணக்கில். அர்ஜென்டினாக்காரர் முன் அதைச் சொன்னபோது அவர் தேநீரைத் துப்பினார். அவர் ஊரில் அதன் வேர்ச்சொல் பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. சிலிக்காரருக்கு அதே ஆள் பத்தூதோ, பெரிய பாதம் உடையவன். அர்ஜென்டினாக்காரரோ தெஸுபிகாதோ என்பார், இடம் பொருள் தெரியாதவன் என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. திட்டும் விழுகிறது, நாகரிகமும் கெடுவதில்லை. அறிக்கையில்கூட எழுதலாம்.

மெக்சிகோவின் இக்வலாதோ வேறு வகை. தன்னைவிட மேலானவரோடு தன்னைச் சமமாக வைத்துக்கொண்டு பேசுகிறவன் என்று பொருள். வீட்டு வேலைக்காரப் பெண் எஜமானியம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தச் சொல் வரும். இதற்கு ஆங்கிலத்தில் அப்பிட்டி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடக்கி வைக்கப் புழங்கிய சொல், அதை அறிக்கையில் எழுதினால் என் வேலை போகும், போகவும் வேண்டும். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. "சரிக்குச் சமமா பேசுற அளவுக்கு வந்துட்டியா?" என்ற குரலை யார் கேட்டதில்லை? மற்ற சொற்களெல்லாம் ஒருவன் செய்ததைத் திட்டுகின்றன. இது ஒருவன் யாராகப் பிறந்தான் என்பதைத் திட்டுகிறது. மெக்சிகோ நண்பரே இதைத் தன் பாட்டியோடு புதைத்துவிட்டதாகச் சொன்னார். பொருள் தெரிந்து வைத்திருக்கிறேன், வாயில் எடுத்ததில்லை.

இத்தனைக்கும் அப்புறம் அன்றாடம் என் பையில் இருப்பது இரண்டுதான், போர்தேவும் காராவும். போன மாதம் சந்தையில் மீன்கடை. இங்கே வரிசையாக நிற்க மாட்டார்கள், வந்ததும் "கடைசி ஆள் யார்?" என்று கேட்டு வைத்துக்கொண்டு, கூட்டமாக நிற்பார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், அவருக்குப் பின் நான். ஒருவர் வந்தார், யாரையும் கேட்கவில்லை, நேராகக் கடைக்காரரிடம் போய் நின்றார். என்னை அறியாமல் "கே காரா!" என்று வந்துவிட்டது, என்ன முகம் என்று. யோசித்து, மொழிபெயர்த்து வந்த சொல் இல்லை அது. முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்க்காமலேயே, "முதுகைவிடப் பெரிய முகம்" என்று முடித்து வைத்தார். அந்த ஆள் ரொம்பப் பணிவாகத் திரும்பி, "மன்னிக்கணும், ஒரே ஒரு கேள்விதான்" என்றார். மெர்லூசா மீன் என்ன விலை என்று கேட்டார். அப்புறம் இரண்டு கிலோ வாங்கி, சுத்தம் செய்து துண்டு போடச் சொன்னார்.