டீப்ஸ்டேட் மேப்: உக்ரைன் போரைப் பத்தி பேசுறவங்க கண்டிப்பா பாக்கணும்

உக்ரைன் போரைப் பத்தி ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்றாங்க, ஆனா அங்க சண்டை நடந்த அவ்தீவ்காங்கற ஊர் எங்க இருக்குன்னு மேப்ல காட்டச் சொன்னா பாதிப் பேரு முழிப்பாங்க. அதனாலதான் இந்த டீப்ஸ்டேட் மேப்பைப் பத்தி எழுதியே ஆகணும்னு தோணுச்சு. எந்த இடம் யார் கையில இருக்குன்னு காட்டுற ஆன்லைன் மேப் இது. உக்ரைன்காரங்க நடத்துறது, 2022ல ரஷ்யா முழுசா உள்ள புகுந்தப்ப ஆரம்பிச்சது, காசு கட்டாமலே பாக்கலாம். ரஷ்யா பிடிச்ச இடம் சிவப்பு, உக்ரைன் மீட்டது பச்சை, யார் கையில இருக்குன்னு உறுதியாகாத இடம் சாம்பல்.

எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்த சாம்பல்தான். 2023 மே 20 அன்னிக்கு ரஷ்யாவுக்காகச் சண்டை போட்ட வாக்னர் கூலிப்படையோட தலைவர் பிரிகோஷின், கிழக்கு உக்ரைன்ல இருக்கற பாக்முத் நகரம் மொத்தமும் எங்க கையிலன்னு வீடியோ போட்டாரு, உக்ரைன் ராணுவம் இல்லவே இல்லன்னு மறுத்துச்சு, ரெண்டு பக்க ஆதரவாளர்களும் அவங்கவங்களுக்குப் பிடிச்சதை ஷேர் பண்ணித் தள்ளுனாங்க. இப்படி ஆளுக்கொண்ணு சொல்ற போர்ல "இன்னும் தெரியல"ங்கறதுக்குன்னே ஒரு கலர் ஒதுக்கி வெச்சிருக்காங்க பாருங்க, அந்த நேர்மை பெரிய விஷயம்.

பழைய தேதிக்குப் போய்ப் பாக்குற வசதியும் இருக்கு, அதைக் கண்டிப்பா யூஸ் பண்ணுங்க. 2022 செப்டம்பர்ல உக்ரைன் ராணுவம் வடகிழக்குல கார்கிவ் பக்கம் பலாக்லியா, குப்யான்ஸ்க், இஸ்யூம்னு ஊர்களை ஒரு வாரத்துக்குள்ள வரிசையா மீட்டுச்சு. அதே ராணுவம் 2023 ஜூன்ல தெற்குல தாக்குதல் ஆரம்பிச்சு, ரோபோடினெங்கற ஒரு சின்ன கிராமத்தை மீட்கவே ஆகஸ்ட் கடைசி ஆயிடுச்சு, அங்கேருந்து அவங்க பிடிக்க நினைச்ச டோக்மாக் நகரம் இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டையும் அடுத்தடுத்துப் பாத்தா, கண்ணிவெடியும் பதுங்குகுழியும் போட்டு மாசக்கணக்குல தயாரா இருக்கற எதிரியை உடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு உடனே புரியும். "ஏன் இவ்ளோ ஸ்லோ"ன்னு கேக்குறவங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

குறையும் இருக்கு. இது உக்ரைன் பக்கம் நிக்கற மேப், அதுல ஒளிவுமறைவு இல்ல. ரஷ்யப் படைப்பிரிவு எங்க நிக்குதுன்னு காட்டும், உக்ரைன் படைப்பிரிவைக் காட்டாது, அவங்க முன்னேறுறப்ப தகவலும் லேட்டாதான் வரும். சொந்த வீரங்க உயிர் சம்பந்தப்பட்டது, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா இதை மட்டுமே நம்பக் கூடாது. வாஷிங்டன்ல இருக்கற ஐஎஸ்டபிள்யூங்கற (ISW) போர் ஆய்வு நிறுவனத்தோட மேப்பையும் பக்கத்துல திறந்து வெச்சுக்கோங்க (அவங்களுக்கும் அமெரிக்கப் பார்வை உண்டு), ரெண்டும் ஒத்துப்போனா எழுதுங்க, இல்லன்னா ரெண்டு நாள் பொறுங்க.

இன்னொண்ணு, இப்போ ட்ரோன் வந்தப்புறம் மேப்ல கோடு போட்ட இடத்தோட சண்டை நிக்கறதில்ல, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பல கிலோமீட்டருக்கு ஒரு வண்டி கூட நிம்மதியா போக முடியாது, அது இந்தக் கலர்ல தெரியாது. மக்களும் தெரிய மாட்டாங்க. போருக்கு முன்னாடி பாக்முத்ல கிட்டத்தட்ட 70,000 பேர் இருந்தாங்க, மேப்புல அது வெறும் சிவப்புத் திட்டு. தினமும் எத்தனை மீட்டர் யாருக்குப் போச்சுன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எண்ணிட்டு இருக்கறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது. மேப்பைப் பாருங்க, அதே நாள் அந்த ஊர்ல எடுத்த ட்ரோன் வீடியோவும் ஒண்ணு பாருங்க, அப்புறம் உங்க கருத்தைச் சொல்லுங்க.